முருக்கமர வேரும் சிக்மாக் காரணியும்: ஊவாத் தேயிலை மண்ணை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாறு பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது: நிலம், மூலதனம், உழைப்பு. இம்மூன்றோடும் பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்த நான்காவது பொருளொன்று உண்டு. அது மண்ணின் வளம். அதனுள்ளும் சிறப்பாக நைதரசன். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அந்த நைதரசனின் வரலாற்றில் ஒரு சிறு கிளையாகும். வளியிலுள்ள நைதரசனைத் தாவர உணவாக மாற்றும் பற்றீரியா, அத்தொழிலுக்குரிய பரம்பரையலகுகளை எவ்வாறு இனங்கண்டு இயக்குகின்றது என்பதை அறிவியலாளர் படிப்படியாக அறிந்துகொண்ட வரலாறே அது. 2021ஆம் ஆண்டு இந்நாட்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது ஒரு வினா எழுந்தது: உரமூட்டை செய்த வேலையை மண்ணில் வாழும் நுண்ணுயிர் செய்து முடிக்குமா? அவ்வினாவுக்குரிய விடையின் முக்கியமான ஒரு பகுதி இவ்வரலாற்றினுள் அடங்கியுள்ளது என்பதே நாம் இங்கு நிறுவ முயல்வது.

இலைப்பயிரும் நைதரசனும்

ஊவாவின் பெருந்தோட்டங்கள் தேயிலையோடு தொடங்கியவை அல்ல. அவை கோப்பித் தோட்டங்களாகவே தொடங்கின. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளிற் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூந்தோட்டத்தின் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவ்விலைகளில் இருந்த பங்கசுக்கு அதே ஆண்டில் எமிலீயா வசுத்தாத்திரிக்சு எனப் பெயரிடப்பட்டது. அடுத்த இரு பத்தாண்டுகளுள் கோப்பி வீழ்ந்தது. அதன் இடத்தைத் தேயிலை பெற்றது.

பயிர் மாறியமை மண்ணின் கணக்கையும் மாற்றியது. கோப்பியில் நிலத்தைவிட்டு வெளியேறுவது கொட்டை, தேயிலையிலோ இளங்கொழுந்து. தாவரத்தின் உறுப்புகளுள் இளந்தளிரே புரதமும் அதன் வழி நைதரசனும் மிக்கது. பதப்படுத்திய தேயிலை 100 கிலோகிராம் தோட்டத்தைவிட்டுச் செல்லும்போது அதனுடன் ஏறத்தாழ 4 கிலோகிராம் நைதரசனும் செல்கின்றது. ஹல்துமுல்லை போன்ற சரிவு நிலங்களில் மழைநீர் அடித்துச் செல்வது இதற்கு மேலதிகம். அப்புத்தளை மலைத்தொடரின் தென்சரிவில், பெரகலையிலிருந்து பலாங்கொடைக்கு இறங்கும் வீதியின் இருமருங்கும் உள்ள மலைகளில், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கொய்யப்பட்டு வருகின்றது. அவ்வளவு நைதரசனும் எங்கிருந்தேனும் மீள வந்தாக வேண்டும்.

அது மீண்ட வழிகளுள் ஒன்று நிழல்மரம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் நடப்பட்ட நிழல்மரங்களுள் கிரெவிலியாவும் டடப் எனப்படும் முருக்கும் முதன்மையானவை. டடப், நம்மவர் திருமணங்களிற் கன்னிக்காலாக ஊன்றும் முள்முருக்கின் நெருங்கிய இனம். கிரெவிலியாவின் வேரில் நைதரசன் பதிக்கும் பற்றீரியாச் சிறுகணுக்கள் இல்லை. அவரையினத்தைச் சேர்ந்த முருக்கின் வேரில் உண்டு. சிறுகணு ஒன்றை நகத்தாற் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். நம் குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒத்த ஒரு புரதத்தின் நிறமே அது. முருக்கின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டித் தேயிலைச் செடிகளினடியிற் பரப்புவது தோட்டத் தொழிலாளரின் வழக்கமான வேலைகளுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது. அவ்விலை மக்கி மண்ணோடு சேர்ந்த பின்னரே அதிலுள்ள நைதரசன் தேயிலைக்குக் கிட்டும். தேயிலை அவரையினம் அன்று. அதற்கெனச் சிறுகணு இல்லை.

சிறுகணு எதற்காக என்னும் வினாவுக்கு 1888ஆம் ஆண்டளவில் விடை கிடைத்தது. அவரையினத் தாவரங்கள் வளியின் நைதரசனைப் பயன்படுத்துகின்றன என்பதைச் செருமனியைச் சேர்ந்த எல்றீகலும் வில்பாத்தும் நிறுவினர். அதே ஆண்டில் ஒல்லாந்தரான பெயரிங்கு சிறுகணுவிலிருந்து பற்றீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார். ஆயினும், அப்பற்றீரியா இவ்வேலையை எப்போது செய்யும், எப்போது செய்யாது, அதனை யார் முடிவுசெய்வது என்னும் வினாக்களுக்கு விடைகாண மேலும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. அவ்விடை வந்த வழி வேளாண்மையன்று; குடற் பற்றீரியா ஒன்றின் நொதியம் பற்றிய ஆய்வு.

சிக்மாவின் கண்டுபிடிப்பு

உயிர்க்கலம் தன் பரம்பரையலகுகள் அனைத்தையும் எல்லா வேளையிலும் இயக்குவதில்லை. டி.என்.ஏ. என்னும் நெடுஞ்சுருளில் ஆயிரக்கணக்கான பரம்பரையலகுகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் வேண்டியதனை மட்டும் ஆர்.என்.ஏ. ஆகப் படியெடுப்பது ஆர்.என்.ஏ. பொலிமரேசு என்னும் நொதியம். 1960ஆம் ஆண்டளவில் இந்நொதியம் அறியப்பட்டது. ஆனால் நெடுஞ்சுருளின் எந்த இடத்திற் படியெடுத்தலைத் தொடங்குவது என்பதனை அது எவ்வாறு அறிகின்றது?

1960களின் இறுதியில் ஆவாட்டுப் பல்கலைக்கழகத்தில் றிச்சட்டு பேசசு என்பார் எசரிக்கியா கோலி என்னும் பற்றீரியாவிலிருந்து இந்நொதியத்தைத் தூய்மைப்படுத்த முயன்றார். பொசுபோசெலுலோசு நிரலொன்றினூடாகச் செலுத்தித் தூய்மையாக்கிய நொதியம் ஒரு புதிரைத் தந்தது. கன்றின் டி.என்.ஏ.யை அது முன்போலவே படியெடுத்தது. பற்றீரியாவைத் தாக்கும் ரி-4 வைரசின் முழுமையான டி.என்.ஏ.யையோ ஏறக்குறையப் படியெடுக்கவேயில்லை. நிரலிலிருந்து வேறாகப் பிரிந்து வந்த ஒரு புரதத்தைச் சேர்த்ததும் இழந்த ஆற்றல் மீண்டது. திராவேசு, தன், பவுற்சு ஆகியோருடன் இணைந்து பேசசு 1969இல் இம்முடிவை வெளியிட்டார். அப்புரதமே சிக்மாக் காரணி. தூய்மையாக்கும் முயற்சியிற் கழன்றுபோன ஒரு பகுதியே நொதியத்தின் அறிவாக இருந்தது என்பது அக்கண்டுபிடிப்பின் சாரம்.

இதனால் நொதியம் இரு பகுதிகளாக விளங்கிக்கொள்ளப்பட்டது. மைய நொதியம் ஆர்.என்.ஏ.யைக் கோக்க வல்லது. ஆனால் இடம் அறியாதது. சிக்மா கோக்க வல்லதன்று. ஆனால் இடம் அறிவது. இரண்டும் இணைந்தபோதே உரிய இடத்திற் படியெடுத்தல் தொடங்கும். தொடங்கியபின் சிக்மாவின் பிடி தளரும். மைய நொதியம் தன் வழியே செல்லும்.

முன்னூக்கியின் மொழி

பரம்பரையலகுக்கு முன்னே அமைந்து, படியெடுத்தலின் தொடக்கத்தைக் குறிக்கும் பகுதியை முன்னூக்கி என வழங்குவோம். டி.என்.ஏ.யின் நான்கு உப்புமூலங்களாகிய அடனின், தைமின், குவானின், சைற்றோசின் என்பவற்றை முறையே அ, தை, கு, சை எனச் சுருக்கிக் கொள்வோம். 1975இல் தாவீது பிறிப்னோ, நொதியம் பற்றிக்கொண்டிருக்கும் டி.என்.ஏ. துண்டுகளை ஒப்பிட்டு, தொடக்கத்துக்கு ஏறத்தாழ 10 உப்புமூலங்களுக்கு முன்னே தை-அ-தை-அ-அ-தை என்பதை ஒத்த கோவை மீண்டும் மீண்டும் வருவதைக் காட்டினார். ஏறத்தாழ 35 உப்புமூலங்களுக்கு முன்னே தை-தை-கு-அ-சை-அ என்பதை ஒத்த மற்றொரு கோவை இருப்பதும் அக்காலப்பகுதியிலேயே தெளிவாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையே 17 உப்புமூலங்கள் இருப்பதே மிகப் பொருத்தமான இடைவெளி. நம் துணைக்கண்டத்திற் பிறந்த அர்கோவிந்த கொரானா, 1976இல் தம் குழுவினருடன் செயற்கையாகக் கோத்த பரம்பரையலகு ஒன்று உயிர்க்கலத்தினுள் இயங்குவதைக் காட்டினார். அதனை இயங்கச் செய்ய, பரம்பரையலகை மட்டுமன்றி அதன் முன்னூக்கியையும் அவர்கள் கோக்க வேண்டியிருந்தது. முன்னூக்கி இன்றேல் பரம்பரையலகு வாளா கிடக்கும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1983இல் ஓலியும் மக்குளூரும் எசரிக்கியா கோலியின் 112 முன்னூக்கிகளைத் தொகுத்து ஒப்பிட்டனர். மேற்கூறிய கோவைகள் யாவற்றிலும் சாயலாகத் தெரிந்தன. முழுமையாக ஒத்திருந்தமையோ அரிது. இது குறையன்று. ஒப்புமை மிகுந்த முன்னூக்கி அடிக்கடி படியெடுக்கப்படும். குறைந்தது அரிதாகவே படியெடுக்கப்படும். எழுத்தின் சிறு வேறுபாடுகளே உற்பத்தியின் அளவை வகுக்கின்றன.

இக்கோவைகளைத் தொட்டறிவது சிக்மாவே என்பதற்குப் பரம்பரையியற் சான்று 1989இற் கிடைத்தது. முன்னூக்கியில் ஓரெழுத்தைக் கெடுத்து, அக்கேட்டை ஈடுசெய்யும் விகாரம் சிக்மாவின் எந்த இடத்தில் தோன்றுகின்றது என இரு ஆய்வுக் குழுக்கள் தேடின. 10ஆம் இடத்துக் கோவைக்குச் சிக்மாவின் இரண்டாம் பகுதியும், 35ஆம் இடத்துக் கோவைக்கு நான்காம் பகுதியும் பொறுப்பு என்பது புலனாயிற்று. பின்னர் 2011இல் பெக்லிசுதோவும் தாசும் வெளியிட்ட பளிங்கமைப்பு, 10ஆம் இடத்துக் கோவையின் இரு உப்புமூலங்கள் சுருளிலிருந்து வெளியே புரண்டு சிக்மாவின் குழிகளிற் பொருந்தியிருப்பதைக் காட்டியது. ஆகவே இவ்வகைச் சிக்மா வாயிலை அறிவதும் திறப்பதும் ஏறத்தாழ ஒரே செயலாகும். எழுத்தை வாசிக்கும்போதே சுருள் பிரிகின்றது.

சிக்மா ஒன்றல்ல என்பதும் இதற்கிடையில் அறியப்பட்டது. 1979இல் ஆல்டன்வாங்கும் உலோசிக்கும் வித்தியாக்கும் பற்றீரியா ஒன்றில் வேறொரு சிக்மாவைக் கண்டனர். 1984இல் குரோசுமன், எரிக்சன், கரோல் குரோசு ஆகியோர், வெப்பத்தால் தாக்கப்பட்ட கலத்தைக் காக்கும் பரம்பரையலகுகளுக்கெனத் தனிச் சிக்மா இருப்பதை நிறுவினர். எசரிக்கியா கோலியில் இன்று அறியப்பட்டவை ஏழு. மைய நொதியம் ஒன்றே. அதனோடு சேரும் சிக்மா மாறினால் வாசிக்கப்படும் ஏடு மாறும்.

புறநடையாக வந்த சிக்மா-54

இனி நம் முருக்கமர வேருக்கு மீள்வோம். நைதரசன் பதிக்கும் பரம்பரையலகுகளைச் சுருக்கமாக நிவ் பரம்பரையலகுகள் என்பர். 1972இல் திக்சனும் போசுகேற்றும் அவற்றைக் கிளெபுசியெல்லா என்னும் மண்வாழ் பற்றீரியாவிலிருந்து எசரிக்கியா கோலிக்கு மாற்றி, அதனையும் நைதரசன் பதிக்கச் செய்தனர். பத்தாண்டுகளின் பின்னர், 1983இல், இவற்றின் முன்னூக்கிகள் வாசிக்கப்பட்டன. வழக்கமான 10ஆம், 35ஆம் இடத்துக் கோவைகள் அங்கே இல்லை. மாறாக, 24ஆம் இடத்தை அடுத்துக் கு-கு என்பதும் 12ஆம் இடத்தை அடுத்துக் கு-சை என்பதும் மாறாது நின்றன. வாயிலின் அமைப்பே வேறு. ஆகவே அதனை அறிவோனும் வேறாதல் வேண்டும்.

அவ்வறிவோன் 1985இல் அகப்பட்டான். சிட்னி குசுத்துவின் குழுவினரும், அண்டு, மகசானிக்கு ஆகிய இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். நைதரசன் தட்டுப்பாட்டின்போது வேண்டப்படும் ஒரு பரம்பரையலகின் விளைபொருளாக முன்னரே அறியப்பட்டிருந்த புரதம் உண்மையில் ஒரு சிக்மாக் காரணி என்பதே அது. ஏறத்தாழ 54,000 மூலக்கூற்று நிறையுடைமையால் அது சிக்மா-54 எனப்பட்டது. முதலில் அறியப்பட்ட சிக்மா-70இன் குடும்பத்தோடு அதற்கு உறவில்லை. 1987இல் றொன்சனும் பிறரும் வேர்ச்சிறுகணுப் பற்றீரியாவிலும் அதனைக் கண்டனர். நைதரசன் பதித்தலுக்கு மட்டுமன்றி வேறு சில தொழில்களுக்கும் அது வேண்டப்படுவதையும் காட்டினர். 1991இல் பிராடிரைசோபியம் என்னும் சிறுகணுப் பற்றீரியாவில் இச்சிக்மாவுக்குரிய பரம்பரையலகுகள் இரண்டு இருப்பது அறியப்பட்டது. முருக்கு இனங்களின் சிறுகணுக்களில் வாழ்பவை பெரும்பாலும் இவ்வினத்தனவே.

இச்சிக்மாவின் இயல்பே நமது கட்டுரையின் மையம். அது தன் வாயிலைச் சரியாக அறிந்து, மைய நொதியத்தையும் கொண்டுவந்து நிறுத்தும். ஆனால் வாயில் திறவாது. தோட்ட வழக்கிற் கூறுவதாயின், காலைப் பிரட்டுக்களத்திற் பெயர் பதிந்து நின்றும், எந்த மலைக்குப் போவது என்னும் உத்தரவு கிடைக்காதவரின் நிலை அது. உத்தரவைத் தருவது மற்றொரு புரதம். அது நூற்றுக்கு மேற்பட்ட உப்புமூலங்களுக்கு அப்பால் டி.என்.ஏ.யிற் குந்தியிருந்து, இடையிலுள்ள சுருள் வளைந்து கொடுக்க, வாயிலை எட்டித் தொடும். தொட்டு, ஏ.ரி.பி. என்னும் சக்திப் பொருளைச் சிதைத்து, அச்சக்தியால் வாயிலைத் திறக்கும். 1986இல் இறைற்சரும் மகசானிக்கும் அப்புரதம் குந்துமிடத்தை ஆயிரம் உப்புமூலங்களுக்கு அப்பால் நகர்த்தியும் அது வேலைசெய்தமையைக் காட்டினர். இவ்வியக்கம் பற்றிய அறிவை ஒருங்குசேர்த்து 2008இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து வெளிவந்த விரிவான கட்டுரையின் முதலாசிரியர் பெயர் விக்னேஸ்வரராஜ் என்பதைத் தமிழ் வாசகர் கவனிப்பர். 2015இல் அதே கல்லூரியின் சாங் என்பாரின் குழு வெளியிட்ட அமைப்பு, சிக்மா-54இன் ஒரு பகுதியே டி.என்.ஏ. நொதியத்தினுள் நுழையும் வழியை அடைத்து நிற்பதைக் கண்முன் காட்டியது. பூட்டு வெளியிலன்று, அறிவோனிடத்திலேயே உள்ளது.

பூட்டின் காரணம்

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு? நைதரசன் மூலக்கூற்றின் இரு அணுக்களையும் இணைக்கும் பிணைப்பு மிக வலியது. ஏபர், பொசு முறையிலியங்கும் உரத் தொழிற்சாலை அதனை உடைக்க 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையையும் வளிமண்டலத்தினும் நூறு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்தையும் கையாளுகின்றது. பற்றீரியா சாதாரண மண்ணின் வெப்பநிலையில் அதனைச் செய்கின்றது; ஆனால் ஒரு நைதரசன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏ.ரி.பி. மூலக்கூறுகளைச் செலவிட்டே செய்கின்றது. அன்றியும், அதற்குரிய நொதியம் ஒட்சிசன் பட்டாற் கெட்டுப்போகும். இவ்வளவு செலவும் இடரும் உள்ள தொழிலைக் கலம் வேண்டாத வேளையிற் செய்யுமாயின் அதன் வாழ்வு நிலைக்காது.

ஆகவேதான் உத்தரவு தரும் புரதம் நிலைமையை அறிந்தே உத்தரவு தருகின்றது. தனித்து வாழும் கிளெபுசியெல்லாவில், சூழலில் அமோனியா இருந்தாலோ ஒட்சிசன் மிகுந்தாலோ அப்புரதம் அடக்கப்படும். சிறுகணுவில் நிலைமை சற்று வேறு. அங்கே பற்றீரியாவுக்கு முதன்மையான குறிப்பு ஒட்சிசனின் தாழ்வு. சிறுகணுவின் சிவப்புப் புரதம் ஒட்சிசனைப் பிணைத்து அத்தாழ்வைக் காக்கின்றது. மண்ணில் நைதரசன் போதுமானதா என்பதை மதிப்பிடுவது பெரும்பாலும் மரமே. நைத்திரேற்று மிகுந்த மண்ணில் அவரையினத் தாவரம் சிறுகணு அமைப்பதையே குறைத்துக்கொள்ளும். வழிகள் இரண்டாயினும் விளைவு ஒன்றே: உரம் நிறைந்த மண்ணில் இப்பற்றீரியாவின் தொழில் தேவையற்றதாகித் தாழும்.

2021ஆம் ஆண்டின் பாடம்

2021 மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. ஆயினும் விலையேற்றத்தாலும் அந்நியச் செலாவணி நெருக்கடியாலும் உரம் எளிதிற் கிட்டவில்லை. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 250 மில்லியன் கிலோகிராமாகக் குறைந்தது. எரிபொருள் தட்டுப்பாடு முதலிய பிற காரணங்களும் இதற்குண்டு எனினும், உரமின்மை தலையாய காரணங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. கொழுந்தின் நிறையோடு நாட்சம்பளம் பிணைந்திருக்கும் தோட்டங்களில், செடி தளிர்க்காமை என்பது வெறும் புள்ளிவிவரமன்று. கூடை நிறையாது மலையிறங்கும் பெண்ணின் அடுப்பை அது நேரே தொடுவது.

இயற்கை நுண்ணுயிர்கள் உரத்தின் இடத்தை நிரப்பும் என்னும் நம்பிக்கை அத்தடையின் பின்னணியிற் பலரால் முன்வைக்கப்பட்டது. மேற்கூறிய வரலாற்றின் ஒளியில் அந்நம்பிக்கையை நோக்குவோமாயின் இரண்டு உண்மைகள் தெளிவாகும். முதலாவது, நைதரசன் பதிக்கும் பற்றீரியா மனிதரின் அறிவித்தலுக்கு இயங்குவதன்று. அதன் சிக்மா வாயிலை அறிந்து நிற்பினும், ஒட்சிசனின் தாழ்வும் நைதரசனின் தேவையும் ஆகிய அதற்குரிய குறிப்புகள் கிட்டும் வரை வாயில் திறவாது. இரண்டாவது, வாயில் திறந்தபின்னரும் பதிக்கப்பட்ட நைதரசன் நேரே தேயிலையைச் சேர்வதில்லை. மரம் வளரவேண்டும், கிளை வெட்டப்படவேண்டும், இலை மக்கவேண்டும். முருக்கு அருகிய மலையில் ஒரு பருவத்துக்குள் இவ்வளவும் நிகழமாட்டா. ஒரே ஆணையால் நிறுத்தக்கூடியது உரமூட்டை. ஒரே ஆணையால் தொடங்கக்கூடியதன்று சிறுகணு.

இதனால் முருக்கமரம் பயனற்றது என்பது நம் கருத்தன்று. மாறாக, ஹல்துமுல்லை போன்ற சரிவுகளில் நிழல்மரங்களை மீள நட்டு, ஆண்டுகள் சிலவற்றிற் படிப்படியாக இரசாயன உரத்தின் அளவைக் குறைத்துச் செல்வதே பற்றீரியாவின் இயல்போடு இயைந்த வழி. உரத்தை முற்றாக நம்புதலும் நுண்ணுயிரை முற்றாக நம்புதலும் ஒரே பிழையின் இருபுறங்கள். இரண்டும் மண்ணினுள் இருக்கும் உயிரியைக் கேளாமல் மண்ணுக்கு உத்தரவிட முனைபவை.

முடிவாக ஒன்று கூறலாம். கவ்வாத்துக் கத்தியுடன் முருக்கின் கிளையை வெட்டிச் செடியடியிற் பரப்பிய தொழிலாளிக்குச் சிக்மா என்னும் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. அவரது வேலையின் பயன் எங்கிருந்து வருகின்றது என்பதை 1888இலிருந்து 2015 வரையான ஆய்வுகள் விளக்கின. அவ்விளக்கம் அவர்தம் பிள்ளைகளின் மொழியில், அவர்தம் பாடசாலைகளுக்கு எட்டும் வகையில் எழுதப்பட வேண்டியது. தோட்டத்தின் மண்ணைப் பற்றிய முடிவுகள் இனியும் எடுக்கப்படும். அம்முடிவுகள் எடுக்கப்படும் அவைகளில் அப்பிள்ளைகள் இடம்பெறும் நாளில், வேரினுள் நடப்பதனை அறிந்தவர்களாக அவர்கள் பேசுதல் வேண்டும்.